களவெட்டி நியாயமும் சட்டத்தின் நியாயமும்: மட்டக்களப்பு வாவிப் பிரதேச நெல்வேளாண்மை பற்றிய ஒரு நோக்கு

பொருளாதாரக் கொள்கைகள் வரவுசெலவுக் கணக்குகளிலிருந்தே பிறக்கின்றன என்பது ஆட்சியாளர் கூற்று. எந்த விலை தகும், எந்தப் பங்கு அடுக்கும், எதற்கு மேற்பட்டால் அது கொள்ளை என்பன குறித்து மக்களிடையே வழங்கும் எண்ணங்களும் கொள்கைகளை உருவாக்குகின்றன. இங்கிலாந்தின் பதினெட்டாம் நூற்றாண்டுத் தானியக் கலவரங்களை ஆராய்ந்த ஈ. பி. தொம்சன் 1971ஆம் ஆண்டில் இவ்வெண்ணங்களின் தொகுதியை அறஞ்சார் பொருளாதாரம் என்ற கருத்தால் விளக்கினார். ஆயின் நியாயம் என்பது வர்க்கங்களைக் கடந்து நிற்பதன்று. யாருடைய நியாயம் சட்டமாகிறது, யாருடையது வெறும் வழக்காகவே நின்றுவிடுகிறது என்பதே நாம் எழுப்பவேண்டிய வினா. மட்டக்களப்பின் வயல்நிலம் இவ்வினாவுக்குத் தெளிவான விடை தருகிறது.

வாவியின் கிழக்கே எழுவான்கரை, மேற்கே படுவான்கரை. எழுவான்கரை மக்கள் செறிந்த கரை. படுவான்கரை வயற்பரப்பு விரிந்த கரை. பெருநிலவுடைமையாளரான போடியார் தமது வயலைத் தாமே உழுவதில்லை. பருவம் முழுவதும் வயலைப் பொறுப்பேற்றுச் செய்பவன் முல்லைக்காரன், அவனுடன் வேலையாட்கள். நீரைப் பங்கிடுவதும் வேலியடைப்பதும் வட்டைவிதானையின் பொறுப்பில் இருந்தன. சூடடித்து முடிந்ததும் களவெட்டியிலேயே நெல் அவணமாகவும் மரைக்காலாகவும் அளக்கப்பட்டது. போடியாருக்கும், வேலை செய்தோருக்கும், விதானைக்கும், கோயிலுக்கும் உரியவை அங்கே பிரிக்கப்பட்டன. எல்லோர் கண்முன்னும் அளந்தமையால் அவ்வளவை நியாயமெனக் கொள்ளப்பட்டது. பங்கு கிடைக்கும் என்ற உறுதி உழைப்பவனுக்கு ஒரு காப்பு. ஆயின் பங்கின் அளவைத் தீர்மானித்தவன் அவனல்லன். பருவ நடுவில் வாங்கிய கடனும் அதே மரைக்காலால் கழிக்கப்பட்டது. உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்கும் மிஞ்சாது என்னும் பழமொழியில் வழக்கின் மறுபக்கம் ஒலிக்கிறது.

பிரித்தானிய ஆட்சி இவ்வழக்கை அழிக்கவில்லை. தனக்குப் பயன்படும் பகுதியைத் தெரிந்தெடுத்தது. ஆள்பதி சேர் ஹென்றி வார்ட் கொணர்ந்த 1856ஆம் ஆண்டின் நீர்ப்பாசனக் கட்டளைச் சட்டம் பழைய பாசன வழக்கங்களுக்குச் சட்டவலு அளித்தது. அவர் காலத்திலேயே இறக்காமம், அம்பாறைக் குளங்கள் திருத்தப்பட்டன. ஆனால் வழக்கு எதுவெனத் தீர்மானிக்கும் உரிமை நிலச் சொந்தக்காரருக்கே வழங்கப்பட்டது. ஊரின் நியாயம் உடைமையாளரின் நியாயமாகச் சுருங்கியது.

சுதந்திரத்தின் பின் இரு நியாயங்கள் அரசின் முன் வந்து நின்றன. ஒன்று நுகர்வோனுடையது. 1953 ஜூலையில் பங்கீட்டரிசியின் விலை கொத்துக்கு 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தப்பட்டது. ஆகஸ்ட் 12ஆந் திகதி இடதுசாரிக் கட்சிகளின் அழைப்பில் ஹர்த்தால் வெடித்தது; மேற்கு, தெற்குக் கரையோரங்களில் அது உச்சங் கண்டது. உயிர்கள் பலியாயின. ஒக்டோபரில் பிரதமர் டட்லி சேனநாயக்க பதவி துறந்தார். மலிவான அரிசி மக்களின் உரிமை என்ற எண்ணத்தை அதன்பின் எந்த அரசும் எளிதில் புறக்கணிக்க முடியவில்லை.

மற்றையது உற்பத்தியாளனுடையது. நெல்லுக்கு உத்தரவாத விலை புசலுக்கு 12 ரூபாவாக அக்காலத்தே நிலைபெற்றது. நுகர்வோனுக்கு மலிவு, விளைவிப்போனுக்கு நல்விலை என்னும் இரண்டிற்குமிடையிலான இடைவெளியை அரச திறைசேரி நிரப்பியது. எனினும் உத்தரவாத விலையால் பயன்பெற விற்பதற்கு மிகைநெல் வேண்டும். படுவான்கரையில் அது பெருமளவு யாரிடம் இருந்தது என்பதைக் கூறவேண்டியதில்லை.

பிலிப் குணவர்த்தன கொணர்ந்த 1958ஆம் ஆண்டின் 1ஆம் இலக்க நெற்காணிச் சட்டமே உற்பத்தி உறவுகளை நேரடியாகத் தொட்டது. குத்தகைச் செய்கையாளனுக்கு நிலைத்த உரிமை, வாரத்துக்கு உச்சவரம்பு, விதானைக்குப் பதிலாகப் பயிர்ச்செய்கைக் குழு என்பன அதன் முக்கிய கூறுகள். 'அந்தே' எனப்படும் அரைவாரம் அநீதி என்ற எண்ணம் சிங்களக் கிராமங்களில் ஆழ வேரூன்றியிருந்தது, அதுவே சட்டமாயிற்று. உடைமையாளரின் எதிர்ப்பும் உடன் எழுந்தது. வாரக்குடிகள் பலர் வெளியேற்றப்பட்டனர். 1959இல் அமைச்சரும் பதவி விலக நேர்ந்தது.

ஆனால் முல்லைக்காரன் யார்? சட்டத்தின் சொற்படி அவன் குத்தகைக்காரனல்லன். கூலி பெறும் தொழிலாளி. தொழிலாளரின் கூலியை நிர்ணயிக்கவும் சட்டம் இடமளித்தது உண்மையே. எனினும் காணிமீது உரிமை வாரக்குடிக்கே கிடைத்தது. களவெட்டியில் பங்காளி போலத் தோன்றியவன் சட்டத்தின் முன் வெறும் ஆளாக நின்றான். போடியாரைப் பொறுத்தமட்டில் தம் வயலைக் குத்தகைக்கு விடாது ஆள்வைத்துச் செய்வதே பாதுகாப்பாயிற்று.

1972ஆம் ஆண்டின் காணிச் சீர்திருத்தச் சட்டம் நெற்காணிக்கு 25 ஏக்கர் உச்சவரம்பிட்டது. அவ்வரம்பு குடும்பத்துக்கன்று; வயதுவந்த ஒவ்வொருவருக்கும் தனித்தனியே உரியது. பெண்மக்களுக்குக் காணியைச் சீதனமாக எழுதும் மரபுடைய இப்பிரதேசத்தில் உடைமை பல பெயர்களில் பிரிந்திருப்பது இயல்பு. ஆதலால் இங்கு சட்டத்தின் கூர்மை மழுங்கியது.

இவற்றால் நாம் பெறும் முடிவு யாது? மக்களின் நியாயவுணர்வு அரசைப் பணியவைக்கும் ஆற்றலுடையது. 1953 அதற்குச் சான்று. ஆயின் அமைப்பாகத் திரண்டோரின் நியாயமே சட்டமாகிறது. சிதறிக்கிடக்கும் வயற்கூலியாளனின் நியாயம் வழக்கின் தயவிலேயே தங்குகிறது. இன்று அறுவடை இயந்திரம் களவெட்டியை அகற்றிவிட்டது. கண்முன் அளந்த அந்தப் பங்கும் உடன் மறைந்தது. 2025 பெப்ரவரியில் நாட்டு நெல்லுக்குக் கிலோவுக்கு 120 ரூபா என அரசு விலை நிர்ணயித்தபோது, அது விவசாயிக்குப் போதுமா, நுகர்வோனுக்குத் தகுமா என்று வாதித்தோம். வயலில் இறங்கி உழைப்பவனின் பங்கு எவ்வளவு என்ற கேள்வி அவ்வாதத்தில் இடம்பெறவில்லை. அதனை எழுப்புவது வரலாற்றாய்வின் கடமைகளுள் ஒன்றாகும்.