மாட்டுத் தோலும் பவுடர் கோட்டிங்கும்

மாட்டுத்தாவணி என்றால் இன்று பேருந்து நிலையம். பெயரில் இருப்பதோ மாடு. தாவணி என்பது மாடுகளை வரிசையாகக் கட்டும் கயிறு. மாட்டுச் சந்தைக்கும் அதுவே பெயர். மாட்டுக்கும் மோட்டாருக்கும் என்ன உறவு என்று கேட்பீர்கள். உறவு இருக்கிறது.

எஞ்சினின் சுழற்சியைச் சக்கரத்துக்குக் கொண்டு செல்பவை கிளட்ச், கியர்பாக்ஸ், புரொப்பல்லர் ஷாஃப்ட், ஆக்சில். தொடக்க கால மோட்டார் வண்டிகள் பலவற்றில் கூம்பு வடிவக் கிளட்ச்சின் மேல் தோல் போர்த்தியிருந்தார்கள். அது காய்ந்துவிடாமலிருக்க மாட்டின் கால் எலும்பிலிருந்து எடுத்த எண்ணெயைத் தடவியதும் உண்டு. தோலைத் தொட்ட கையைத் தீட்டு என்ற சமூகம், தோல் நகர்த்திய வண்டியில் கூசாமல் ஏறி உட்கார்ந்தது.

அதோடு நிற்கவில்லை. மதுரைக்குத் தெற்கே, அன்றைய இராமநாதபுரம் ஜில்லாவில் தனியார் பேருந்துகள் ஆதிதிராவிடர்களை ஏற்ற மறுத்தன. 1920-களின் இறுதியில் ஜில்லா போர்டு தலைவராக இருந்த டபிள்யூ.பி.ஏ. சௌந்தரபாண்டியன், அப்படி மறுத்தால் உரிமம் ரத்து என்று உத்தரவிட்டார். கதவைத் திறந்தது எந்திரமல்ல, உத்தரவு.

கிளட்ச்சில் தோல் போய் ஆஸ்பெஸ்டாஸ் வந்தது. அது தொழிலாளியின் நுரையீரலைத் தின்றது. இன்று வண்டியின் அடிப்பாகங்கள் துருப்பிடிக்காமலிருக்கப் பவுடர் கோட்டிங் செய்கிறார்கள். 1950-களில் ஜெர்மனியின் எர்வின் கெம்மர், சூடாக்கிய உலோகத்தைக் காற்றில் மிதக்கும் பிசின் பொடியில் முக்கியெடுத்தார். 1960-களில் மின்னேற்றிய பொடியைக் கன்னால் தெளிக்கும் முறை பரவியது. பொதுவாக 180–200 டிகிரி செல்சியஸ் அடுப்பில் பொடி உருகி இறுகும். தின்னர் இல்லை, அதன் நெடியும் இல்லை. சுத்தமான தொழில் என்கிறார்கள்.

ஆனால் பொடி பிடிக்க இரும்பு சுத்தமாக வேண்டும். எண்ணெய்ப் பிசுக்கையும் துருவையும் காரத்திலும் அமிலத்திலும் கழுவி, பாஸ்பேட் தொட்டியில் முக்க வேண்டும். அந்தத் தொட்டியருகே நிற்பது யார்? அடியில் தங்கும் சேற்றை அள்ளுவது யார்? கையுறையும் காற்றோட்டமும் உண்டா? தொட்டியில் தொடங்கியவர் கன் பிடிக்கும் வேலைக்கு என்றாவது உயர்கிறாரா?

சாதி வேலையை மட்டும் பிரிக்கவில்லை, வேலை செய்வோரையே பிரித்து அடுக்குகிறது என்று அம்பேத்கர் 1936-லேயே எச்சரித்தார். எந்திரம் மாறினால் சாதி தானே உதிரும் என்று நம்புகிற தோழர்களே, பேருந்தின் கதவுக்கே ஓர் உத்தரவு தேவைப்பட்டது. பட்டறைக்குள் யாருக்குத் தொட்டி, யாருக்குக் கன் என்ற கணக்கைக் கேட்போம். கேட்காமல் எந்தக் கதவும் திறந்ததில்லை.