தோட்டத்துக்கு வந்த பிள்ளையும் தீயில் போன படமும்

திருவிதாங்கூரில் வசதியான வீட்டுப் பிள்ளை ஒருவனை வில்லன் கடத்திக்கொண்டு இலங்கைக்குப் போய்விடுகிறான். அங்கே ஒரு தோட்டத்தில் அவன் கூலிக்காரனாக வளர்கிறான். துரைக்கு அவனைப் பிடித்துப்போகிறது. படிப்படியாக உயர்ந்து மேற்பார்வையாளர் பதவிக்கே வந்துவிடுகிறான்.

செண்டாயான் பக்கத்துத் தோட்டங்களில் லயத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு இந்தக் கதையின் முதல் பாதி புதிதாகத் தோன்றாது. கடல் தாண்டி வந்து தோட்டத்தில் பெயர் பதிந்தவர்கள் எல்லாக் குடும்பத்திலும் உண்டு. பின்பாதி, கூலிக்காரன் துரை நாற்காலிக்கு அருகில் போவது, அது சினிமா!

அந்தப் படத்தின் பெயர் 'விகதகுமாரன்'. தொலைந்துபோன பிள்ளை என்று பொருள். 1930 அக்டோபர் 23ஆம் தேதி திருவனந்தபுரம் கேப்பிட்டல் அரங்கில் திரையிடப்பட்டது. (1928 என்றுதான் நெடுங்காலம் எழுதிவந்தார்கள். பழைய விளம்பரத் துண்டறிக்கை கிடைத்த பிறகே தேதி திருத்தப்பட்டது.) கேரளத்தின் முதல் படம் என்று இதைக் கொண்டாடுகிறார்கள். ஊமைப் படத்துக்கு ஏது மொழி? எடுத்தவர் ஜே.சி. டேனியல், இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்து அகஸ்தீஸ்வரத்தில் 1900ஆம் ஆண்டு பிறந்தவர். களரி, வாள்வீச்சு என்று அலைந்த மனிதர். பம்பாய் ஸ்டூடியோக்களுக்குள் நுழைய அனுமதி கிடைக்காதபோது, தான் ஒரு பள்ளி ஆசிரியர், மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கப் பார்க்க வந்தேன் என்று சொல்லி உள்ளே போய்த் தொழில் கற்றுக்கொண்டாராம். ஊர் திரும்பி, நிலத்தை விற்று, ஸ்டூடியோ அமைத்து, கதை எழுதி, கேமரா பிடித்து, கதாநாயகனாகவும் தானே நடித்தார்.

கடத்தப்படும் பிள்ளையாக நடித்தது யார்? டேனியலின் சொந்த மகன். கேரளத்துத் திரையின் முதல் குழந்தை நட்சத்திரம் அந்தப் பையன்தான்.

சொந்தப் பிள்ளையைக் கேமரா முன் நிறுத்துவது அன்று வேறு வழியில்லாமல் நடந்த காரியம். சினிமாவில் நடிப்பது கௌரவமான தொழில் இல்லை. யாரும் தங்கள் பிள்ளையை அனுப்ப மாட்டார்கள். இந்திய சினிமாவின் தந்தை என்று போற்றப்படும் தாதாசாகிப் பால்கேயும் இதைத்தான் செய்தார். 1913இல் வெளிவந்த 'ராஜா ஹரிச்சந்திரா'வில் அரிச்சந்திரனின் மகனாக நடித்தவன் அவர் மகன் பாலச்சந்திரா. படப்பிடிப்பு நடந்த நாட்களில் பையன் கீழே விழுந்து தலையில் அடிபட்டு நினைவிழந்தான். வேலையோ பின்தங்கியிருந்தது. எடுக்க வேண்டிய காட்சியில் மகன் இறந்து கிடக்க வேண்டும். பால்கே பையனை அப்படியே கிடத்திக் காட்சியை எடுத்து முடித்தார் என்பது அவரைப் பற்றிய நூல்களில் உள்ள செய்தி. இதைத் தியாகம் என்று எழுதியவர்கள் பலர். அந்தப் பிள்ளையை யார் கேட்டார்கள்?

பிறகு மகள் மந்தாகினியின் முறை வந்தது. 1919இல் வெளிவந்த 'காளிய மர்த்தன'த்தில் அவள்தான் கண்ணன். வயது ஏழு. படம் நேராகக் கதைக்குள் போவதில்லை. முதலில் அந்தச் சிறுமியின் முகம் மட்டும் திரையை நிறைக்கிறது. சிரிப்பு, சினம், குறும்பு என்று பாவங்கள் ஒன்றன்பின் ஒன்றாக மாறுகின்றன. பிறகுதான் அவள் கண்ணன் வேடத்தில் தோன்றுகிறாள். 'இந்தப் பெண்ணுக்கு என்னவெல்லாம் வருகிறது பாருங்கள்' என்று அப்பா ஊருக்குக் காட்டும் பெருமிதம் அதில் தெரியும். வெண்ணெய் திருடும் குறும்பும், நீருக்குள் பாம்போடு போராடும் காட்சியும் இன்றைய பிள்ளைகளையும் உட்கார வைக்கும். இந்தப் படத்தின் பெரும்பகுதி அழியாமல் தப்பியது. பால்கேயின் பல படங்களுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

இதே காலத்தில் அமெரிக்காவில் ஜாக்கி கூகன் என்ற சிறுவன் இருந்தான். 1921இல் சாப்ளினுடன் 'தி கிட்' படத்தில் நடித்து உலகப் புகழ் பெற்றவன். அதுவும் பெற்றவரைப் பிரிந்த பிள்ளையின் கதைதான். பையன் 30 லட்சம் டாலருக்கு மேல் சம்பாதித்தான் என்கிறார்கள். 21 வயதானபோது அப்பா உயிரோடு இல்லை; கையிலும் காசில்லை. தாயும், அவர் மறுமணம் செய்துகொண்ட கணக்குப் பொறுப்பாளரும் செலவழித்துவிட்டிருந்தார்கள். 1938இல் வழக்குப் போட்டார். கிடைத்தது சுமார் 1,26,000 டாலர். அவருக்குப் பயனில்லை என்றாலும், அந்த வழக்கால் 1939இல் கலிபோர்னியாவில் ஒரு சட்டம் வந்தது. குழந்தை நடிகர்களின் வருமானத்தில் ஒரு பங்கை அவர்கள் பெயரில் ஒதுக்கி வைக்க அது வழி செய்தது. இன்றும் அது கூகன் பெயராலேயே அழைக்கப்படுகிறது.

நம் பக்கத்தில் அப்படி ஒரு வழக்கு எழவே இடமில்லை. முதலாளியும் அப்பாவும் ஒரே ஆள். மகன் அப்பாமேல் என்ன கணக்குக் கேட்பான்? தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. விடியுமுன் அம்மாவோடு பால்மரக் காட்டுக்குப் போய், மங்கு துடைத்து, கட்டிப்பால் பொறுக்கி, பிறகு பள்ளிக்கு ஓடிய பிள்ளைகள் எத்தனை பேர்! பெரட்டில் கூப்பிட்டதும் கிராணியார் புத்தகத்தில் எழுதியதும் அம்மாவின் பெயரை மட்டும்தான். பிள்ளையின் உழைப்பு அம்மாவின் எடையில் சேர்ந்தது.

டேனியலுக்கோ சேர்ப்பதற்கே ஒன்றும் மிஞ்சவில்லை. படத்தின் கதாநாயகி பி.கே. ரோசி தாழ்த்தப்பட்ட சமூகத்துப் பெண். அவர் நாயர் பெண்ணாக நடித்ததைப் பொறுக்காதவர்கள் திரைமேல் கல்லெறிந்தார்கள். முதல் காட்சியைப் பார்க்கக்கூட ரோசியை விடவில்லை. வீட்டையும் தாக்கியதால் அவர் ஊரைவிட்டே ஓடினார். நடித்த ஒரே படம் அதுதான். டேனியல் ஸ்டூடியோவை இழந்து, பல் மருத்துவராகி, தமிழ்நாட்டில் பிழைத்தார். முதுமையில் கேரள அரசிடம் உதவித்தொகை கேட்டபோது, அவர் தமிழ்நாட்டுக்காரர் என்று கைவிரித்தார்கள். 1975இல் காலமானார். 1992இல் அதே கேரளம் தன் உயரிய திரைப்பட விருதுக்கு அவர் பெயரைச் சூட்டியது.

படம் என்ன ஆயிற்று? அந்தக் காலத்துப் படச்சுருள் நைட்ரேட்டால் ஆனது. பஞ்சைவிட வேகமாகப் பற்றிக்கொள்ளும். வீட்டில் ஒரு பெட்டியில் கிடந்த சுருளை டேனியலின் இளைய மகன் ஹாரிஸ் ஆறு வயதில் எடுத்து விளையாடினார். துண்டு துண்டாகக் கொளுத்தினால் எழும் நிறம் பிள்ளைக்கு வேடிக்கையாக இருந்தது. அப்பா தடுக்கவில்லையாம். டேனியலின் வாழ்க்கையைச் சொல்லும் 'செல்லுலாய்ட்' என்ற மலையாளப் படம் 2013இல் வந்தபோது, ஹாரிஸ் டேனியல் முதியவராக மேடையேறி இதைச் சொன்னார். ஒரு பிள்ளை நடித்த படம், இன்னொரு பிள்ளையின் கையில் எரிந்துபோனது.