முள்ளும் சாட்சியமும்

"முள்ளு இருக்குடா. நான் என்ன பொய்யா சொல்றேன்?" அம்மா நான்கு நாள் இதையே கேட்டுக்கொண்டிருந்தாள். கெண்டைமீன் குழம்பு சாப்பிட்ட ராத்திரி தொடங்கியது. சோத்து உருண்டையை மெல்லாமல் விழுங்கச் சொன்னோம், வாழைப்பழம் கொடுத்தோம். இந்தக் கைவைத்தியம் முள்ளை இன்னும் ஆழமாகக் குத்தி இறக்கிவிடக்கூடும் என்பது பிறகுதான் தெரிந்தது. மறுநாள் ஒரு ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்தார்கள். "படத்துல ஒண்ணுமில்லம்மா, எல்லாம் மனசுதான்" என்று அனுப்பிவிட்டார்கள். நானும் நம்பினேன், அம்மாவை இல்லை, படத்தை. ஐந்தாம் நாள் வேறொரு இடத்தில் ஸ்கேன் பார்த்து, குழாய் விட்டு எடுத்த முள் முக்கால் அங்குலம் இருந்தது.

விழுங்கியவரின் வார்த்தையைவிடப் படத்தின் வார்த்தை எப்போது பெரிதாயிற்று? இந்தக் கேள்வியோடுதான் வரலாற்றுக்குள் போனேன்.

1868இல் ஜெர்மனியின் ஃப்ரைபர்க் நகரில் அடோல்ஃப் குஸ்மால் என்ற மருத்துவர் இரைப்பைக்குள் எட்டிப் பார்க்க ஆசைப்பட்டார். வளையாத உலோகக் குழாயைத் தொண்டை வழியே இறக்க யார் சம்மதிப்பார்கள்? கத்தி விழுங்கும் வித்தைக்காரர் ஒருவரைக் கூட்டி வந்தார். குழாய் இறங்கியது, வெளிச்சம்தான் போதவில்லை. இரைப்பை அகநோக்கியின் வரலாறு இப்படி ஒரு வித்தைக்காரரின் தொண்டையில் தொடங்குகிறது. மருத்துவரின் பெயர் எல்லாப் புத்தகத்திலும் இருக்கிறது. வித்தைக்காரரின் பெயரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

1895இல் ரோண்ட்கன் எக்ஸ்ரேயைக் கண்டுபிடித்தார். உடலைத் திறக்காமலேயே காசும் ஊசியும் கண்ணுக்குத் தெரிந்தன. இது பெரிய விடுதலைதான், மறுப்பதற்கில்லை. ஆனால் இந்தக் கதிர் உலோகத்துக்குத்தான் நல்ல சாட்சி. மரக்குச்சி, பிளாஸ்டிக், பல மீன்முட்கள் அதன் கண்ணுக்குத் தப்பிவிடுகின்றன. கருவியின் இந்தக் குறை மெல்ல மெல்ல நோயாளியின் குறையாக மாற்றி எழுதப்பட்டது. அதற்கு வசதியாக ஒரு பழைய பெயரும் தயாராக இருந்தது. தொண்டையில் ஏதோ உருண்டை அடைக்கிறது என்று சொல்பவர்களுக்கு ஐரோப்பிய மருத்துவம் வெகுகாலம் 'ஹிஸ்டீரியா உருண்டை' என்று பட்டம் கட்டியது. ஹிஸ்டீரியா என்ற சொல்லே கருப்பையைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. ஆக, தொண்டை வலியைச் சொன்னவள் பெண்ணாக இருந்தால் அவள் வாக்குமூலம் பாதி செல்லாததாகிவிடும்.

இந்த வரலாற்றில் ஷெவாலியே ஜாக்சன் (1865–1958) தனியாகத் தெரிகிறார். முனையில் சிறு விளக்குப் பொருத்திய குழாயை உள்ளே விட்டு, ஊக்கு, பொத்தான், எலும்பு, பல்செட் எல்லாம் எடுத்த அமெரிக்க மருத்துவர். திறந்த ஊக்கை உணவுக்குழாய்க்குள்ளேயே மூடி எடுக்கக் கருவி செய்தவர். அவர் எடுத்த 2,374 பொருட்கள் பிலடெல்பியாவின் ம்யூட்டர் அருங்காட்சியகத்தில் இழுப்பறை இழுப்பறையாக இருக்கின்றன. எனக்கு இந்தச் சேகரிப்பைவிட அவர் செய்த இன்னொரு காரியம்தான் முக்கியம். வீட்டிலிருந்த காரத்தை விழுங்கி உணவுக்குழாய் வெந்து சுருங்கிய குழந்தைகள் அவரிடம் வந்துகொண்டேயிருந்தார்கள். ஒவ்வொரு தொண்டையாகச் சரிசெய்து மாளாது என்று, டப்பாவின் மேல் விஷம் என்று எழுதியாக வேண்டும் எனப் பல ஆண்டு போராடினார். 1927இல் அமெரிக்காவில் சட்டம் வந்தது. தொண்டைக்குள் பார்த்தவர் அடுக்களையையும் கடையையும் சேர்த்துப் பார்த்தார்.

இந்த இதழின் வாசகர்களுக்கு ஷெர்வுட் ஆண்டர்சன் அந்நியரில்லை. 'ஒய்ன்ஸ்பர்க், ஒஹையோ' (1919) எழுதியவர். 1941இல் தென்னமெரிக்காவுக்குக் கப்பலில் போகும்போது வயிற்றுவலி வந்தது. பனாமாவின் கோலோன் நகரில் மார்ச் 8 அன்று, 64 வயதில் இறந்துபோனார். உடலைத் திறந்து பார்த்தபோதுதான் காரணம் தெரிந்தது. விழுங்கிய பல்குத்தும் குச்சி ஒன்று குடலைக் குத்தி, வயிற்றறை முழுக்கச் சீழ் பிடித்திருந்தது. குச்சியை விழுங்கியவர்களில் பலருக்கு விழுங்கியதே ஞாபகம் இருப்பதில்லை. பல்செட் போட்டவர்களுக்கு அண்ணம் மறைந்துவிடுவதால் முள்ளோ எலும்போ வாயில் தட்டுப்படுவதே குறைவு. என் அம்மாவும் பல்செட்காரிதான். ஆகவே நோயாளியின் சொல்லும் முழுச் சாட்சியம் ஆகாது. முள் போன பிறகும் அது கீறிய இடம் குத்திக்கொண்டிருக்கலாம். அப்போதும் அவர் பொய் சொல்லவில்லை, கீறலைச் சொல்கிறார்.

1957இல் பேஸில் ஹிர்ஷோவிட்ஸ், கண்ணாடி இழைகளாலான வளையும் அகநோக்கியை முதலில் தானே விழுங்கிப் பார்த்தார். வித்தைக்காரரின் இடத்தில் மருத்துவர் வந்து உட்கார்ந்த தருணம் அது. இன்றைய நடைமுறை தெளிவாகவே இருக்கிறது. விழுங்கியதில் 80–90 சதம் தானாக வெளியேறிவிடும். கூர்மையான பொருளோ பேட்டரியோ உணவுக்குழாயில் நின்றால், அல்லது எச்சில்கூட இறங்காமல் அடைத்தால், முடிந்தால் 2 மணி நேரத்துக்குள், அதிகபட்சம் 6 மணி நேரத்துக்குள் எடுத்தாக வேண்டும் என்கிறது 2016இன் ஐரோப்பிய வழிகாட்டுதல். எக்ஸ்ரே வெறுமையாக இருந்தாலும் சந்தேகம் தீராவிட்டால் சி.டி. ஸ்கேன் எடுப்பதும் உண்டு. அதாவது, படம் 'இல்லை' என்று சொன்ன பிறகும் நோயாளி 'இருக்கு' என்று சொல்வதற்கு இடம் உண்டு. அறிவியல் தன் கண்ணின் எல்லையைத் தானே எழுதி வைத்திருக்கிறது. அதைப் படிக்காதது அதிகாரம்.

நோயாளி சொல்வதை டாக்டர்கள் 'ஹிஸ்டரி' என்றுதான் அழைக்கிறார்கள். "ஹிஸ்டரி கேட்டியா?" என்பார்கள். என்ன சாப்பிட்டே, எப்போ, எந்த இடத்துல குத்துது, எச்சில் இறங்குதா என்று கேட்கிற ஐந்து நிமிஷம். ஆவணத்தில் இல்லாதது நடக்கவே இல்லை என்று சொல்லும் வரலாற்றாசிரியர்களோடு நாம் எத்தனை வருஷமாகச் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறோம். வீட்டில் அம்மா முள்ளு இருக்குடா என்று சொன்னபோது, நான் அவர்கள் பக்கம்தான் நின்றிருந்தேன்.

அந்த முள்ளை ஒரு மாத்திரை டப்பாவில் போட்டு வைத்திருக்கிறாள் அம்மா. யாராவது கேட்டால் திறந்து காட்டுகிறாள்.