'வா' என்ற ஒரு வினை

இத்தாலிய மொழியைப் புதிதாகக் கற்பவருக்கு 'வருதல்' என்ற வினை இரட்டையாகவே வந்து சேரும். தோழனை அழைக்க 'வியேனி', மதிப்புக்குரியவரை அழைக்க 'வெங்கா'. ஒன்றை மட்டும் அறிந்தவர் அந்த வினையில் பாதியைத்தான் அறிந்தவர். மலாக்காவின் ரப்பர்த் தோட்டங்களுக்கு உதவி மேலாளர்களாக வந்த வெள்ளைக்காரச் சின்னத் துரைகளுக்கும் தமிழில் முதலில் தேவைப்பட்டது இதே வினைதான். அதில் எந்தப் பாதி அவர்களுக்குப் போதுமானதாக இருந்தது என்பதே தோட்டத்தின் அதிகார வரிசையைச் சொல்லிவிடுகிறது.

மலாயாவில் வணிக நோக்கிலான முதல் ரப்பர்த் தோட்டத்தை டான் சே யான் 1896இல் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் தொடங்கினார். பிறகு தோட்டங்கள் பெருகின. கங்காணிகள் தமிழ்நாட்டிலிருந்து ஆள் பிடித்து வந்தார்கள். மலாய் மண்ணில் வேலைமொழி தமிழாயிற்று. துரைக்குத் தமிழ் தேவைப்பட்டது. அதற்கு வழிகாட்டியது இலங்கை. அங்கே காப்பித் தோட்டக் காலத்தில் சின்னத் துரைகளுக்காக வெளியான தமிழ்க் கையேட்டின் பெயரே 'இங்கே வா'. தேயிலை, ரப்பர்த் தோட்டங்களுக்காகப் பின்னர் வெல்ஸ் எழுதிய நூலின் பெயர் 'கூலித் தமிழ்'. ஒன்று மொழியை ஏவலாகப் பார்த்தது; மற்றொன்று அதைக் கூலிக்காரனின் உடைமையாகப் பார்த்தது.

வினையின் வேர்ச்சொல்லே ஏவலாக அமைவது தமிழின் இயல்பு, தொடக்கக்காரர் அங்கிருந்துதானே தொடங்க முடியும் என்று கேட்கலாம். தொடங்குவதில் தவறில்லை. ஆனால் 'வா'வுக்கும் 'வாங்க'வுக்கும் இடையே இருப்பது ஓர் அசைதான். அதைத் தாண்டுவது கடினமல்ல. தரங்கம்பாடியில் 1738இல் அச்சான கொடுந்தமிழ் இலக்கணத்தை எழுதியவர் இத்தாலியரான வீரமாமுனிவர். பேச்சுத் தமிழை முழுமையாகக் கற்க அயலவருக்கு முடியும் என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டாம். கங்காணியும் 'வா' என்றுதானே அழைத்தார் என்பது இன்னும் வலுவான மறுப்பு. உண்மைதான், சாதியும் வயதும் வகுத்த ஏணி கப்பலேறுவதற்கு முன்பே நம்மிடம் இருந்தது. துரை அந்த ஏணியைச் செய்யவில்லை, அதன் உச்சியில் ஏறிக்கொண்டார். தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் அண்ணனையும் மாமாவையும் 'வாங்க' என்று அழைத்தவர்களே, காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் வயது வேறுபாடின்றி 'வா' ஆனார்கள்.

மலாக்காப் பட்டணத்துச் சந்தையில் இதே தொழிலாளி கற்ற பேச்சு மலாயில் 'வா'வுக்கு 'மாரி' என்று பெயர். மலாயிலும் மரியாதை உண்டு. ஆனால் அது 'துவான்', 'என்சிக்' போன்ற விளிகளில் தங்கும், வினையை உருமாற்றாது. தமிழில் அது வினையின் விகுதியிலேயே ஒட்டிக்கொள்கிறது. அதனால்தான், பெரட்டுக் களத்தின் வரலாறு அந்த ஓரசையில் எஞ்சி நிற்கிறது.