நீரிழிவும் மகப்பேறும்

தமிழ் நோய்ப்பெயர்கள் பல அறிகுறியால் அமைந்தவை. நீரிழிவு என்பதும் அத்தகையதே. இழிதல் என்பது கீழ்நோக்கி ஒழுகுதல். சிறுநீர் மிகுதியாக இழிதலின் இந்நோய் அப்பெயர் பெற்றது. வடமொழி மருத்துவ நூல்கள் கூறும் மதுமேகம் என்பதோ அந்நீரின் இனிமையைச் சுட்டுவது. இரண்டும் சிறுநீரை நோக்கி எழுந்த பெயர்களே. கருவுற்ற காலத்துத் தோன்றும் நீரிழிவை இவ்வறிகுறிகளால் துணிய இயலுமா என்பதே ஈண்டு நாம் ஆராயப்புகும் பொருள்.

இயலாது என்பதே விடை. கருவுற்றார்க்குச் சிறுநீர் அடிக்கடி பிரிதல் இயல்பு. நோயில்லார் சிறுநீரிலும் சருக்கரை காணப்படுவதுண்டு. நோயுடையார் பலர்க்கோ அறிகுறி எதுவும் புலப்படுவதில்லை. ஆதலின் குருதியை ஆய்தல் வேண்டுவதாயிற்று. 1964-இல் பாஸ்டன் நகரத்து ஓசல்லிவன் என்பார் இதற்கோர் அளவுகோல் வகுத்தார். அம்முறையில், உண்ணாது வந்த பெண்ணுக்கு 100 கிராம் குளுக்கோசு தந்து, மூன்று மணி நேரத்தில் நான்கு முறை குருதி எடுப்பர்.

கோவளத்துக்கும் மாமல்லபுரத்துக்கும் இடைப்பட்ட நெம்மேலி போன்றதோர் ஊரிலிருந்து வரும் கருவுற்ற பெண்ணை எண்ணுவோம். வெறும் வயிற்றோடு பேருந்தேறி வருதல் அவளுக்கு எளிதன்று. 'நாளை உண்ணாது வருக' எனத் திருப்பி அனுப்பின், மீண்டும் வாராதொழிதலும் கூடும். சென்னை மருத்துவக் கல்லூரியில் 1978-இல் நீரிழிவுத் துறையைத் தோற்றுவித்த பேராசிரியர் வி. சேசையாவும் அவர்தம் குழுவினரும் இவ்விடர்ப்பாட்டைக் கருதியே எளிய முறையொன்றை வகுத்தனர். உண்டு வந்தாலும் உண்ணாது வந்தாலும் 75 கிராம் குளுக்கோசை நீரிற் கரைத்துத் தந்து, இரண்டு மணி நேரம் கழித்து ஒரேமுறை குருதியை ஆய்வர். 100 மில்லி லிட்டருக்கு 140 மில்லிகிராமோ அதற்கு மேலோ இருப்பின் நோய் உண்டெனத் துணிவர்.

2008-இல் வெளிவந்த அவர்தம் தமிழ்நாட்டு ஆய்வு, கருவுற்றாருள் நகரத்தில் நூற்றுக்கு 17.8 பேரும் சிற்றூர்களில் 9.9 பேரும் இந்நோயுடையார் எனக் காட்டிற்று. சிற்றூர்க்கும் இந்நோய் புறம்பானதன்று என்பது இதனாற் பெறப்படும். 2007-இலேயே தமிழ்நாட்டரசு கருவுற்றார் அனைவர்க்கும் இச்சோதனையைக் கட்டாயமாக்கியது; 2014-இல் இந்திய அரசின் நெறிமுறையும் இதனை ஏற்றது.

உண்ணாநிலைச் சோதனையினும் இது நுண்மை குறைந்தது என்பாரும் உளர். அக்கூற்று புறந்தள்ளத்தக்கதன்று. எனினும், வாராத பெண்ணுக்கு எந்நுண்மையும் பயன்படாது. கண்டறியப்பட்டாருள் பெரும்பாலோர்க்கு உணவு ஒழுங்கும் நடையுமே போதும்; இரு வாரங்களில் குருதிச் சருக்கரை அடங்காதவர்க்கே மருந்து வேண்டும். கண்டறியப்படாதவிடத்துச் சேய் பெருத்துப் பேறு இடர்ப்படுதலும், பிறந்த குழவிக்குச் சருக்கரை திடீரெனத் தாழ்தலும் நேரும். பிற்காலத்துத் தாய்சேய் இருவர்க்கும் நீரிழிவு வரும் வாய்ப்பும் மிகும். ஆகவே, வந்த அன்றே சோதித்தல் என்னும் கொள்கையே இவ்வரலாற்றில் தமிழகம் அளித்த சிறந்த கொடை எனத் துணிகின்றோம்.