வடுவூர் சாமியாரும் திருவிடைமருதூர் சாம்புவும்

பள்ளி விடுமுறைக்குப் பேரன் வந்திருந்தான். மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் ஊஞ்சலில் சாய்ந்துகொண்டு போனில் ஜப்பான் கார்ட்டூன் பார்ப்பான். "கார்ட்டூன் இல்லை தாத்தா, அனிமே" என்று என்னைத் திருத்துவான். பெயர் 'பூங்கோ ஸ்ட்ரே டாக்ஸ்'. யோகோஹாமா துறைமுக நகரத்தில் ஒரு துப்பறியும் நிறுவனம். அதில் வேலை பார்க்கும் ஒவ்வொருவருக்கும் ஓர் அபூர்வ சக்தி. ஒரு பையன் புலியாக மாறுவான். இன்னொருவர் தொட்டாலே மற்றவர்களின் சக்தி அடங்கிவிடும். வேறொருவர் நோட்டுப் புத்தகத்தில் ஒரு பொருளின் பெயரை எழுதித் தாளைக் கிழித்தால் அந்தப் பொருள் கையில் வந்துவிடும்.

நானும் பக்கத்தில் உட்கார்ந்து பத்துப் பன்னிரண்டு பாகம் பார்த்தேன். படம் வரைந்திருக்கிற அழகைக் குறை சொல்ல முடியாது. ஆனால் துப்பறிவதைவிடச் சண்டைதான் அதிகம். புலியாகப் பாய்ந்து குற்றவாளியைப் பிடித்துவிட முடியும் என்றால், காலடித் தடத்தையும் கைரேகையையும் யார் தேடப்போகிறார்கள்?

பேரன் சொன்ன ஒரு விஷயம் எனக்குப் பிடித்திருந்தது. அந்தப் பாத்திரங்களின் பெயர்கள் எல்லாம் ஜப்பானின் உண்மையான எழுத்தாளர்களின் பெயர்களாம். அவர்களில் ஒருவர் எடோகாவா ரம்போ. 1894-இல் பிறந்து 1965-இல் மறைந்தவர், ஜப்பானியத் துப்பறியும் கதையின் தந்தை. அமெரிக்க எழுத்தாளர் எட்கர் ஆலன் போவின் பெயரையே ஜப்பானிய உச்சரிப்பில் புனைபெயராக வைத்துக்கொண்டவர். தஞ்சாவூரில் ஊஞ்சலில் கிடக்கும் ஒரு பையனுக்கு அவரைத் தெரிகிறது. "நம் மாவட்டத்துத் துப்பறியும் எழுத்தாளர் யாரையாவது தெரியுமாடா?" என்று கேட்டேன். தெரியவில்லை. அவனுக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

தஞ்சாவூரிலிருந்து மன்னார்குடி போகும் வழியில் இருக்கிறது வடுவூர். இன்று ஏரிக்கு வரும் பறவைகளுக்காகவும் கோதண்டராமர் கோவிலுக்காகவும் அங்கே போகிறோம். இப்போது திருவாரூர் மாவட்டம். நம் காலத்தில் எல்லாம் ஒன்றுபட்ட தஞ்சாவூர் ஜில்லாதான். அந்த ஊரில் 1880-இல் பிறந்தவர் வடுவூர் கே. துரைசாமி ஐயங்கார். பி.ஏ. படித்து, தாசில்தாராக இருந்து, எழுதுவதற்காக அந்த உத்தியோகத்தை விட்டவர். அந்த நாளில் தாசில்தார் வேலையை ஒருவர் விடுவதென்றால் வீட்டில் என்ன பேச்சு எழுந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

அவருக்கு முன்பே ஜே.ஆர். ரங்கராஜு 1908-இல் 'ராஜாம்பாள்' எழுதி, துப்பறியும் கோவிந்தனை வீட்டுக்கு வீடு கொண்டுபோய்ச் சேர்த்திருந்தார். வடுவூரார் உருவாக்கியது வேறு மாதிரி ஆள். அவர்தான் திகம்பர சாமியார். எந்த வேடமும் போடுவார். எதிரில் இருப்பவர் மனத்தில் ஓடுவது அவருக்குத் தெரியும். இன்றைய கணக்கில் அவரும் அபூர்வ சக்தி உள்ள துப்பறிவாளர்தான்.

என் அத்தை இந்தக் கதைகளின் பரம ரசிகை. கண் மங்கிய பிறகு, அட்டை போன பழைய புத்தகத்தை என் கையில் கொடுத்து வாசிக்கச் சொல்வார். 'மேனகா'வில் தஞ்சாவூர் டிப்டி கலெக்டரின் மகள் புக்ககத்தில் படும் பாட்டை நான் வாசிக்கும்போது, கேட்டுக்கொண்டிருக்கிற அத்தை முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொள்வார். சாமியார் வரும் இடம் வந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்துவிடுவார்.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். கதைப் போக்கில் இங்கிலாந்தின் ரெயினால்ட்ஸ் நாவல்களின் சாயல் நிறையவே உண்டு. நடுநடுவே பக்கம் பக்கமாக உபதேசம். தற்செயலாக நடக்கும் சந்திப்புகளுக்குக் கணக்கே இல்லை. வாசிக்கிற நமக்கு யோசிக்க எதுவும் மிச்சமிருக்காது. சாமியாருக்குத்தான் எல்லாம் தெரிந்துவிடுகிறதே!

இன்னொரு குறை இதைவிடப் பெரியது. 'கும்பகோணம் வக்கீல்' கதையை 1950-இல் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் 'திகம்பர சாமியார்' என்று படமாக எடுத்தது. பின்னாளில் வில்லனாகவே நாம் பார்த்துப் பழகிய எம்.என். நம்பியார் அதில் கதாநாயகர். வேடத்துக்கு மேல் வேடம் போட்டு வெளுத்து வாங்கியிருப்பார். அதில் பொல்லாத வக்கீலைத் தூங்கவிடாமல் வைத்திருந்துதான் உண்மையை வரவழைக்கிறார் சாமியார். அன்று கொட்டகையே கைதட்டியிருக்கும். அதையே ஒரு போலீஸ்காரர் செய்தால் நாம் என்ன சொல்வோம்? நல்லவர் என்று நம்பிவிட்டால் அவர் எந்த வழியில் போகிறார் என்று கேட்க நமக்குத் தோன்றுவதில்லை.

ஆனாலும் அந்தக் கதைகள் ஓடியதற்குக் காரணம் உண்டு. வக்கீலிடம் பணமும் சாமர்த்தியமும் இருக்கிறது. யாரையும் அவரால் விலைக்கு வாங்க முடியும். அப்படிப்பட்டவரை எதிர்த்து நிற்க, எதுவும் வேண்டாத ஓர் ஆள் வேண்டும். அதனால்தான் சாமியார். அவருடைய வேடமும் மனத்தைப் படிக்கும் வித்தையும் எனக்கு இரண்டாம் பட்சம். விலைக்குப் போகாததுதான் அவருடைய அசல் சக்தி. மிராசுதார், வக்கீல், கச்சேரி என்று அலைந்து ஓய்ந்த ஜில்லாவில், அத்தையைப் போன்றவர்கள் நிமிர்ந்து உட்கார்ந்தது அதற்காகத்தான் என்று நினைக்கிறேன்.

வடுவூரார் 1942-இல் காலமானார். அதே ஆண்டில் ஆனந்த விகடனில் இன்னொரு துப்பறிவாளர் பிறந்தார். அவரைப் படைத்தவரும் நம் ஜில்லாக்காரர்தான். திருவிடைமருதூரில் 1913-இல் பிறந்து, கும்பகோணம் கல்லூரியில் படித்த தேவன். அவருடைய துப்பறியும் சாம்புவை உங்களுக்கு அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. பாங்கு குமாஸ்தா; பெரிய மூக்கு; வீட்டில் வேம்பு; துணைக்கு இன்ஸ்பெக்டர் கோபாலன். சாம்பு அசட்டுத்தனமாக ஏதோ செய்வார், அது சரியான இடத்தில் போய் விழுந்து குற்றவாளி அகப்படுவான். எல்லாம் தெரிந்த சாமியாருக்குப் பதிலாக ஒன்றுமே தெரியாத சாம்பு. எல்லோரும் வாய் பிளந்து பார்க்கும் மேதைகளைத் தேவன் சிரித்துக்கொண்டே கேலி செய்துவிட்டார். இருந்தாலும் சாம்புவுக்கும் ஒரு சக்தி உண்டு, அதிர்ஷ்டம். அதுவும் நமக்கு வாய்க்காத சக்திதான்.

பிறகு 1972-இல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் வந்தது. மின்சாரம் பாய்ந்தால் உடல் மறைந்து கை மட்டும் தெரியும் இரும்புக்கை மாயாவியைப் பாடப்புத்தகத்துக்குள் ஒளித்து வைத்துப் படித்தவன் நான். பேரனைக் கண்டிக்க எனக்கு என்ன உரிமை இருக்கிறது?

இவ்வளவு யோசித்ததற்கு ஒரு காரணம் உண்டு. நானும் வருவாய்த் துறையில் இருந்து ஓய்வு பெற்றவன். ஊரைச் சொல்லவில்லை, நான் குமாஸ்தாவாக இருந்த ஒரு தாலுகா ஆபீசுக்கு ஓர் அம்மாள் மூன்று வருஷம் நடந்தார். யு.டி.ஆர். கணக்கு எழுதியபோது அவருடைய வயல் பக்கத்து வயல்காரர் பெயரில் ஏறிவிட்டது. கணவர் இல்லை. "பெரிய ஆபீசர் யாராவது வந்தால் எனக்கு நியாயம் கிடைக்கும் சார்" என்பார். நானும் "ஆமாம்மா, வரட்டும்" என்பேன். ஒருநாள் வேறு காரியத்துக்காகப் பழைய செட்டில்மென்ட் பதிவேட்டை எடுத்தேன். அந்தப் புல எண்ணுக்கு நேரே அவருடைய கணவர் பெயர் தெளிவாக இருந்தது. பதிவேடு இருந்த பீரோ, என் நாற்காலிக்குப் பின்னால்தான் மூன்று வருஷமும் நின்றது. குறிப்பு எழுதி மேலே அனுப்பினேன், பட்டா மாறியது. அந்த அம்மாள் என்னைக் கும்பிட்டார். அன்று எனக்கு ஏற்பட்ட வெட்கம் இன்னும் போகவில்லை.

பேரன் பார்க்கும் தொடரில் அந்த ரம்போ ஒரு மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டதும் எல்லாம் புரிந்துவிடும். ஆனால் அது சக்தியே இல்லையாம். கண்ணாடியும் சாதாரணக் கண்ணாடிதானாம். அவர் உற்றுப் பார்க்கிறார், யோசிக்கிறார், அவ்வளவுதான். இத்தனை சக்திமான்களுக்கு நடுவே அப்படி ஒருவரை வைத்ததுதான் அந்தத் தொடரின் பெரிய பலம் என்று பேரனிடம் சொன்னேன்.

"அப்படியானால் உங்கள் சாமியார்?" என்று கேட்டான்.

அத்தையை நிமிர்ந்து உட்கார வைத்தவர் அவர்; அதற்காக அவருக்கு என்றைக்கும் என் நமஸ்காரம். ஆனால் அவர் வருவார் என்று அந்த அம்மாளும் காத்திருந்தார், நானும் காத்திருந்தேன். பீரோவைத் திறக்க எந்தச் சாமியாரும் தேவைப்படவில்லை.