மன்னார் வேதசாட்சிகள்

ஈழத்தின் வடமேற்குக் கரையை ஒட்டிக் கிடக்கும் மணற்றீவு மன்னார். அதன் மேற்கு முனையிலிருந்து தனுஷ்கோடி வரை இராமர் அணையின் திட்டுக்கள் தொடர்கின்றன. இரு கரைகளுக்கும் இடையே சரக்கும் உறவும் செய்தியும் ஓயாது சென்றுவந்தன. எதிரேயுள்ள முத்துக்குளித்துறைப் பரதவர் 1535ஆம் ஆண்டையொட்டித் திருமுழுக்குப் பெற்றதும், 1542இல் பிரான்சிஸ் சவேரியார் அவர்களிடையே வந்து செபங்களைத் தமிழிற் கற்பித்ததும் மன்னார் மக்களின் செவிக்கு எட்டாமற் போகுமா?

1544இல் அம்மக்கள் தமக்கும் திருமுழுக்கு அளிக்குமாறு சவேரியாருக்கு ஆளனுப்பினர். அவரோ அப்போது திருவிதாங்கூர்க் கரையில் இருந்தார். ஆகவே வேறொரு குருவை அனுப்பிவைத்தார். பலர் கிறிஸ்தவராயினர். தீவு யாழ்ப்பாண மன்னன் சங்கிலியின் ஆட்சிக்கு உட்பட்டது. செய்தி நல்லூருக்கு எட்டியது, படை வந்தது. புதிய மறையைக் கைவிட மறுத்தோர் வாளுக்கு இரையாயினர். அறுநூறு பேருக்கு மேல் மாண்டனர் என்பது பொதுவாகக் கூறப்படும் தொகை. போர்த்துக்கேய ஏடுகள் பட்டிம் எனக் குறிக்கும் அவ்வூரைத் தோட்டவெளிப் பகுதியோடு இணைத்துப் பேசுவது மன்னார் மரபு. வேதசாட்சிகளின் இராக்கினி பேரால் அங்கு ஆலயம் உண்டு.

சங்கிலியைக் கொடுங்கோலன் என்று ஏசிவிட்டு அமைவது வரலாறு ஆகாது. அக்காலத்தில் திருமுழுக்குப் பெற்றோர் போர்த்துக்கேய அரசனின் பாதுகாப்புக்கு உரியோர் எனக் கருதப்பட்டனர். முத்துக்குளித்துறையில் மதம் மாறியதன் பின்னே அக்கரையும் அதன் முத்தும் யார் கைக்குச் சென்றன என்பதை மன்னன் கண்டிருந்தான். போதாக்குறைக்கு, அரியணைக்கு உரிமை கோரிய அவனுடைய உடன்பிறந்தான் ஒருவன் போர்த்துக்கேயரிடம் அடைக்கலம் புகுந்து, அரசு கிடைத்தால் தானும் கிறிஸ்தவனாவதாக வாக்களித்திருந்தான். மன்னனை ஆட்டிய அச்சம் ஆதாரமற்றதன்று. ஆயினும் அவன் வாள் பாய்ந்தது பீரங்கி ஏந்தியோர் மீதன்று. சில திங்களே செபம் கற்ற எளிய குடிகள் மீது.

அவர்களுக்கு அரணாக எந்தக் கப்பலும் வரவில்லை. 1545 சனவரியில் கொச்சியிலிருந்து எழுதிய மடலில் சவேரியார் இக்கொலையைத் துயரோடு குறிப்பிடுகிறார். ஆளுநர் மார்த்தின் அபொன்சோ தெ சூசா தண்டனைப் படையெடுப்புக்கு இசைந்தார். சவேரியாரும் நாகப்பட்டினம் சென்று காத்திருந்தார். அவ்வேளை பெகுவிலிருந்து வந்த போர்த்துக்கேயக் கப்பலொன்று யாழ்ப்பாணக் கரையில் தரைதட்டவே, சரக்கு மன்னன் கையிற் சிக்கியது. சரக்கை மீட்கும் கவலையில் படையெடுப்பு நின்றுபோயிற்று. உயிரினும் சரக்கே பெரிதென நினைத்தவர்கள் சிலுவைக் கொடியின் கீழும் இருந்தனர் போலும்! பதினைந்தாண்டு கழித்து, 1560இல், அரசப் பிரதிநிதி கொன்ஸ்தந்தீனு தெ பிரகன்சா யாழ்ப்பாணத்தின் மீது படையெடுத்து, மன்னாரைக் கைப்பற்றிக் கோட்டை அமைத்தார்.

அடுத்த சோதனை கிறிஸ்தவரிடமிருந்தே வந்தது. 1658இல் மன்னாரைப் பிடித்த ஒல்லாந்தர் கத்தோலிக்கக் குருமாரை வெளியேற்றினர். குருவுக்குப் புகலிடம் அளிப்போருக்கு மரண தண்டனை என அறிவித்தனர். கோயில்கள் பறிபோயின. இம்முறை மக்கள் கண்ட வழி வேறு: வெளிப்படையாக எதிர்த்து நில்லாமல், காட்டுக்குள் ஒதுங்கினர். 1670இல் மாந்தையிலிருந்த மாதா திருவுருவத்தை இருபது குடும்பங்கள் எடுத்துக்கொண்டு வன்னிக் காட்டுக்குள் மருதமடுவை அடைந்தன என்பது மரபு. குருவின்றிப் பாடஞ்செய்த செபங்களே அவர்களுக்குத் துணையாயின. கோவாவைச் சேர்ந்த யோசேப் வாஸ் அடிகள் 1687இல் கூலியாள் வேடத்தில் ஈழத்துக்கு வந்தபோது, மறைவில் வாழ்ந்த இத்தகையோரையே தேடிச் சென்றார்.

அவரை 2015 சனவரி 14ஆம் நாள் கொழும்பிற் புனிதராக அறிவித்த பாப்பரசர் பிரான்சிஸ், அன்றே மடுவுக்கும் சென்றார். அதற்கு ஏழாண்டுக்கு முன்னர், 2008 ஏப்ரலில், போர் நெருங்கிவர, மடு மாதாவின் திருவுருவம் மீண்டும் இடம்பெயர்ந்து, தேவன்பிட்டிக்குக் கொண்டுசெல்லப்பட்டிருந்தது.